பதவி உயர்வுக்கு யார் ஆசைப்படலாம்?

சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்பதுதான் அது. குடகில் விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். மத்திய தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் வென்ற முதல் பெண். அவரோடு தேர்வெழுதி வென்ற ஆண்களில் எவரிடமும் அப்படி ஓர் உறுதிமொழி கேட்கப்படவில்லை.

ஒருவர் பதவி உயர்வுக்காக ஏன் மாடாய் உழைக்கிறார் என்று கேட்டால் பணம், மரியாதை, அதிகாரம், குடும்பத்தின் நல்வாழ்வு என்று அடுக்குவோம். நிர்வாகவியல் பாடநூல்களிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் இருக்கும். 1964இல் விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர் இதையே ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார். உழைத்தால் நன்றாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, நன்றாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை, அந்தப் பலன் மீதான விருப்பம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே ஊக்கம் என்றார். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இரண்டாவதை, அதாவது உழைப்புக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கையை, சட்டம் போட்டே பூஜ்யமாக்கிவிட்டு, "பெண்களுக்கு மேலே வரவேண்டும் என்ற வேகம் இல்லையே" என்று வியந்த நிர்வாகங்களின் வரலாறு நம்முடையது. முத்தம்மாவிடம் எழுதி வாங்கிய அந்தத் தாளிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்கலாம்.

இது நமக்கு மட்டுமே உரிய கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் வெளியுறவுப் பணி 1946இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மணமான பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்ற தடை 1973வரை நீடித்தது. அமெரிக்காவிலும் வெளியுறவுப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் வெளியேறுவதே வழக்கமாக இருந்தது. நாம் சுதந்திரம் வாங்கினோம். பணி விதிகளைப் பழையவர்களிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டோம். வேறுபாடு என்னவென்றால், 1950இல் நமக்கு ஓர் அரசியலமைப்பு வந்துவிட்டது. அதன் 16ஆம் பிரிவு அரசு வேலையில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகும் அந்தத் தாள் கோப்பில் பத்திரமாக இருந்தது. 1961இல் வெளியுறவுப் பணிக்கான விதிகள் புதிதாக எழுதப்பட்டபோது அதுவே முறையான விதியாகவும் ஆனது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. அரசியலமைப்பு வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட விதிகள் இவை.

இந்திய ஆட்சிப் பணியிலும் இதே கதைதான். அன்னா ராஜம் 1951இல் சேர்ந்தார். கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் வளர்ந்து, சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்தவர். தேர்வாணையத் தலைவரும் மூத்த ஐ.சி.எஸ். அதிகாரிகளும் அமர்ந்திருந்த நேர்முகத் தேர்வுக் குழு, வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ பெண்களுக்கு ஏற்றவை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னது. (வெளியுறவுப் பணிக்குப் போன முத்தம்மாவையும் நேர்முகத் தேர்வில் மனம் மாற்றத்தான் பார்த்தார்கள். எந்தப் பணிக்குப் போனாலும் பக்கத்துப் பணிதான் பெண்ணுக்கு ஏற்றது போலிருக்கிறது.) அன்னா ராஜம் ஆட்சிப் பணியையே கேட்டார், சென்னை மாகாணத்தையே தேர்ந்தெடுத்தார். திருமணமானால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. மாவட்டப் பணிக்கு ஒரு பெண்ணை அனுப்ப அவருக்கு மனமில்லை. தலைமைச் செயலகத்திலேயே ஒரு பதவி தருவதாகச் சொன்னார். கேட்பதற்குக் கரிசனமாகத்தான் இருக்கும்: வெயிலில் அலைய வேண்டாம், குதிரை ஏற வேண்டாம், கலவரத்துக்கு நடுவே நிற்க வேண்டாம். ஆனால் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு மாவட்டம்தான் அடித்தளம். சார் ஆட்சியராக இருந்து வருவாய் நிர்வாகத்தையும் சட்டம் ஒழுங்கையும் பார்க்காதவரை மேலே ஏற்றும்போது, "களம் தெரியாதவர்" என்ற ஒரு வரி காலமெல்லாம் பின்தொடரும். இன்று தருகிற சலுகை, இருபது ஆண்டு கழித்துத் தகுதிக் குறைவாகத் திரும்பி வரும். அன்னா ராஜம் இதைப் புரிந்துகொண்டவர். குதிரை ஏற்றமும் துப்பாக்கி சுடுதலும் ஆண்களைப் போலவே தானும் பயின்றிருப்பதைச் சொல்லி வாதாடினார். ஓசூரில் சார் ஆட்சியர் பதவி பெற்றார். பிறகு ஒரு பொதுக்கூட்டத்தில் முன்னேறிய பெண்களுக்கு எடுத்துக்காட்டாக ராஜாஜியே அவரைக் குறிப்பிட்டார்.

ஓசூர்க் காலத்தைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு கிராமத்துக்குப் போனபோது பெண்கள் அவரைப் பார்க்கக் கூடினார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒரு மூதாட்டி, இவளும் நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாராம். அன்னா ராஜத்துக்கு முதலில் மனம் வாடிப்போனது. அந்த மூதாட்டி வேறு எதையோ எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கு அந்த மூதாட்டி சொன்னது குறையாகத் தோன்றவில்லை. அதிகாரி என்றால் வேறு உயிரினம் என்று அதுவரை நினைத்திருந்த ஒருவர், அந்த நாற்காலியில் தன்னைப் போன்ற ஒருத்தி உட்காரலாம் என்பதை அன்று கண்ணால் பார்த்தார். பதவி ஆசை என்று நாம் பெயர் வைத்திருப்பது முதலில் இப்படிப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. பார்த்திராத இடத்துக்கு யாரும் ஆசைப்படுவதில்லை.

ஆண்கள் எப்படி உழைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தனியாக உழைத்தார்களா? ஹன்னா பாபனெக் என்ற சமூகவியலாளர் 1973இல் 'இருவர் சேர்ந்து செய்யும் ஒருவர் வேலை' என்ற கருத்தை முன்வைத்தார். சம்பளமும் பதவியும் கணவனுக்கு. அந்தப் பதவிக்குத் தேவையான வேலையில் ஒரு பகுதி, சம்பளமில்லாமல், மனைவிக்கு. தூதரக வாழ்க்கை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. விருந்து வைப்பது, விருந்தினரின் மனைவிமாரோடு பழகுவது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டை மூட்டை கட்டுவது, புது ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவது எல்லாம் மனைவியின் பாடு. அமெரிக்க வெளியுறவுத் துறையில் கணவனின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையிலேயே மனைவியைப் பற்றியும் எழுதினார்கள். 1972இல்தான் ஓர் உத்தரவு போட்டு அதை நிறுத்தினார்கள். மனைவிக்குச் சம்பளம் தந்து நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, மணமான ஆண் அதிகாரிக்கு மனைவி கூடுதல் தகுதி. பெண் அதிகாரிக்குக் கணவன் தகுதியிழப்பு. ஒரே திருமணம்தான், ஒருவரை ஏணியில் ஏற்றிவிடுகிறது, மற்றவரிடமிருந்து ஏணியையே பிடுங்கிக்கொள்கிறது. இந்த நிலையில் முத்தம்மா மணம் செய்துகொள்ளாமலே பணியில் இருந்தார். பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று பல தூதரகங்களில் வேலை பார்த்தார். 1970இல் ஹங்கேரிக்குத் தூதராக அனுப்பப்பட்டார். பணிக்குள்ளிருந்து படிப்படியாக வந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர். விஜயலட்சுமி பண்டிட் அதற்கு முன்பே பெரிய நாடுகளில் தூதராக இருந்திருக்கிறார், ஆனால் அது அரசியல் நியமனம். பிரதமரின் தங்கை தூதராவதும், தேர்வெழுதி வந்த ஒரு பெண் தூதராவதும் ஒன்றல்ல.

ஹங்கேரிக்குப் பிறகு கானா. அடுத்து வர வேண்டியது பணியின் முதல் நிலை. அங்கேதான் நின்றது. போதிய தகுதி இல்லை என்று சொல்லி அவரை விட்டுவிட்டு அவருக்கு இளையவர்களை ஏற்றினார்கள். 1979இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

பணியில் இருந்துகொண்டே, அதுவும் பணி முடிய மூன்றே ஆண்டுகள் இருக்கும்போது, அரசின் மீது வழக்குப் போடுவது சாதாரண முடிவல்ல. வெளியுறவுப் பணி சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முகம் சுளிக்காமல் பேசுவதே அந்தத் தொழிலின் இலக்கணம். முத்தம்மா தன் மனுவில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு நெடுங்கால வழக்கமாக இருக்கிறது என்று எழுதினார். சேரும்போது தன்னிடம் வாங்கிய உறுதிமொழியைச் சொன்னார். நியமனம் செய்யும் குழுவில் இருப்பவர்களுக்கே பெண்கள் என்ற இனத்தின் மீது தப்பெண்ணம் உண்டு என்றார். முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கு அது.

அடுத்து நடந்ததை நகைச்சுவை என்று சொல்லலாமா தெரியவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நெதர்லாந்துக்குத் தூதராக, தி ஹேக் நகருக்கு நியமித்தது. சில மாதங்களுக்கு முன்னால் போதாமல் இருந்த தகுதி, மனு தாக்கலான பிறகு போதுமானதாக வளர்ந்துவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1979 செப்டம்பரில் எழுதிய தீர்ப்பில் இந்தத் திடீர் வளர்ச்சியைக் கொஞ்சம் கிண்டலாகவே குறிப்பிடுகிறார். வழக்குத்தான் காரணமா என்று தோண்டிப் பார்க்கவில்லை. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டதால் விட்டுவிடுகிறார். நிபந்தனைகளில் ஒன்று ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, மற்றது நீக்கப்படும் நிலையில் இருக்கிறது என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். அதனால் மனு தள்ளுபடி ஆனது.

தள்ளுபடியான மனு என்றாலும் தீர்ப்பு பேசியது. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்றால் அது ஆண் அதிகாரிக்கும் இடையூறு ஆகாதா என்று கேட்டது. சுதந்திரம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பணி விதிகளில் பெண்ணுக்கு எதிரான மனப்பான்மை ஊறிக் கிடக்கிறது என்றது. யாராவது வழக்குப் போட்டுக் கேட்கட்டும் என்று காத்திராமல் எல்லாப் பணி விதிகளையும் அரசே திருத்த வேண்டும் என்றது. இடைப்பட்ட மாதங்களில் இளையவர்கள் முந்திச் சென்றதால் முத்தம்மாவின் பணி மூப்புக்கு நேர்ந்த இழப்பை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஓர் இடமும் அதில் உண்டு. எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று தாங்கள் பொதுவாகச் சொல்லிவிடவில்லை என்று நீதிபதிகள் ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். குறிப்பிட்ட வேலையின் தன்மை, பெண்களின் உடல்நிலை, சமூகத்தின் நிலை ஆகியவை வேறுபாட்டைக் கோரலாம் என்றார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கதவு வழியாக ஒரு விமானம் நுழைந்தது.

ஏர் இந்தியா வழக்கு, 1981. அந்த நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்களின் வேலை மூன்றில் எது முதலில் வருகிறதோ அதோடு முடியும்: 35 வயது, சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம், முதல் கர்ப்பம். நிர்வாக இயக்குநர் மனது வைத்தால் 45 வயதுவரை ஆண்டுக்காண்டு நீட்டிக்கலாம். அதே விமானத்தில், அதே பயணிகளுக்கு, ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஆண் பணியாளர்களுக்கு ஓய்வு வயது 58. பணிப்பெண்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைக் கடுமையான சொற்களில் ரத்து செய்தது. இயக்குநரின் மனம்போன அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்கு ஆண்டு திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. பெண்ணுக்குப் பக்குவம் வரும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று காரணம் சொன்னது. விமான நிறுவனத்தின் பணி விதியில் குடும்பக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

நம் பேச்சுக்கு முக்கியமானது வேறொன்று. ஆணையும் பெண்ணையும் இப்படி வேறுபடுத்துவது பாகுபாடு இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதில், இவர்கள் இருவரும் வெவ்வேறு வகுப்பினர் என்பது. எப்படி வெவ்வேறு? சேர்க்கும் முறை வேறு, தொடக்கச் சம்பளம் வேறு, பதவி உயர்வுப் படிகள் வேறு. ஆண்கள் ஏறும் ஏணி ஒன்று. பெண்களுக்குத் தனியாகச் செய்து வைத்த ஏணி இன்னொன்று. இரண்டு ஏணிகளையும் செய்து வைத்தது நிறுவனம். ஏணி இரண்டாக இருப்பதையே காரணம் காட்டி, ஏறுகிறவர்களும் இரண்டு வகை என்று முடிவு கட்டியது நீதிமன்றம். விமானத்துக்குள் பணியாளர்களை மேற்பார்வையிடும் பதவி பெண்களுக்கும் உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தில் உறுதியாக 2011 ஆகிவிட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் தங்களைவிட அனுபவம் குறைந்த ஆண் மேற்பார்வையாளரின் கீழ் சாப்பாட்டுத் தட்டு தூக்கியிருப்பார்கள்!

இதே காலத்தில் அமெரிக்காவில் பெண்களின் ஊக்கத்தைப் பற்றி ஆய்வுகள் குவிந்துகொண்டிருந்தன. மட்டீனா ஹார்னர் என்ற உளவியலாளர் 1960களின் இறுதியில் மாணவ மாணவியரிடம் ஒரு கதையைத் தொடங்கிக் கொடுத்து முடிக்கச் சொன்னார். மருத்துவக் கல்லூரியில் ஆன் என்ற பெண் வகுப்பில் முதலிடம் பெறுகிறாள், மேலே எழுதுங்கள். ஆண் மாணவர்களுக்கு அதே கதையில் ஜான். ஆன் வென்றதை எழுதிய பெண்களில் 65 விழுக்காட்டினர் அவளுக்கு ஏதோ கேடு வருவதாக எழுதினார்கள்: தனிமை, வெறுப்பு, குற்ற உணர்ச்சி. ஜானைப் பற்றி எழுதிய ஆண்களில் பத்து விழுக்காட்டினர்கூட அப்படி எழுதவில்லை. பெண்களுக்கு வெற்றியைக் கண்டு அச்சம் என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பெண்களின் மனத்துக்குள்தான் கோளாறு என்று கேட்பது பலருக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பெண்கள் கோளாறாக எதையும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. தங்களைச் சுற்றியிருந்த உலகம் முதலிடம் பெற்ற பெண்ணை எப்படி நடத்தும் என்பதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். முத்தம்மாவின் உறுதிமொழியை வாசித்த எவரும் ஆனுக்கு அப்படி ஒரு முடிவைத்தான் எழுதியிருப்பார்கள்.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர் ரோசபெத் மோஸ் கான்டர். 1977இல் வந்த அவருடைய நூல் ஒரு பெரிய நிறுவனத்துக்குள்ளேயே இருந்து எழுதியது. நிறுவனத்துக்குப் பொய்ப்பெயர் வைத்திருந்தார். மேலே போக வழியுள்ள வேலையில் இருப்பவர்கள் ஆசைப்படுகிறார்கள், உழைக்கிறார்கள், அலுவலகத்தைத் தங்களுடையதாக நினைக்கிறார்கள். வழி அடைபட்ட வேலையில் இருப்பவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்கிறார்கள், கூட வேலை செய்பவர்களோடு நெருங்குகிறார்கள், வீட்டைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆண்களும் அடைபட்ட வேலையில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகிறார்கள். பெண்களின் குணம் என்று சொல்லப்பட்டது அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் குணம் என்றார் கான்டர். மதிய இடைவேளையில் புடவை பற்றிப் பேசுகிறார்கள் என்று பெண் ஊழியர்களைக் கேலி செய்யும் மேலாளர்கள் நம்மிடையே உண்டு. அந்த நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்குப் போக எத்தனை ஆண்டு ஆகும் என்றும் அவர்கள் சொல்ல வேண்டும்.

கான்டர் சொன்னதற்குப் பெரிய சான்று நம் ராணுவத்திலிருந்தே வந்தது. 1992இல் இந்திய ராணுவம் மருத்துவம், செவிலியம் அல்லாத பிரிவுகளிலும் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது. ஐந்து ஆண்டுப் பணி என்று தொடங்கிப் பத்தாகி, பிறகு பதினான்கு ஆண்டுகள் வரை நீண்டது. அதற்கு மேல் இல்லை. ஓய்வூதியம் பெற இருபது ஆண்டுகள் வேண்டும். உடன் சேர்ந்த ஆண்கள் நிரந்தரப் பணி கேட்கலாம். பெண்கள் கேட்க முடியாது. 2003இல் தொடங்கிய வழக்கு, 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்று, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசு சொன்ன வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பெண்களுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்றது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தீர்ப்பை நிறைவேற்ற ராணுவம் ஒரு தேர்வு வாரியம் அமைத்தது. பெண் அதிகாரிகளின் ஆண்டு மந்தண அறிக்கைகளை எடுத்தது. ஐந்தாம் ஆண்டு அல்லது பத்தாம் ஆண்டு வரையிலான அறிக்கைகளை மட்டும் பார்த்தது. அதன் பிறகு அவர்கள் பெற்ற விருதுகளையும் செய்த சாதனைகளையும் கணக்கில் எடுக்கவில்லை. அதே ஆண்டில் சேர்ந்து தேர்வான ஆண்களில் கடைசி மதிப்பெண் பெற்றவரோடு ஒப்பிட்டது. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம், ஆண்கள் இளவயதில் காட்டிய உடல்தகுதியைக் கேட்டது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றது. பலர் தேறவில்லை.

அவர்கள் மீண்டும் நீதிமன்றம் போனார்கள். 2021 மார்ச்சில் வந்த தீர்ப்பை நம் கல்லூரி மாணவிகள் முழுதாக வாசிக்க வேண்டும். அந்த மந்தண அறிக்கைகள் எப்படி எழுதப்பட்டன என்று நீதிமன்றம் பார்த்தது. எழுதிய மேலதிகாரிகளுக்கு இந்தப் பெண் எப்படியும் பதினான்கு ஆண்டில் வீட்டுக்குப் போகப் போகிறவள் என்று தெரியும். அவளுக்கு நல்ல மதிப்பெண் போட்டு என்ன ஆகப் போகிறது? அந்த மதிப்பெண் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடும் ஓர் ஆணுக்குப் பயன்படுமே. ஆகவே அக்கறையில்லாமல் எழுதினார்கள். பெண்களுக்கும் அது தெரியும். பதவி உயர்வுக்கு உதவும் சிறப்புப் பயிற்சிகளுக்கும் கடினமான நியமனங்களுக்கும் ஆண்கள் முட்டி மோதியபோது இவர்களில் பலர் மோதவில்லை. மோதினாலும் முடிவு ஒன்றுதான். பிறகு ஒரு நாள் விதி மாறியது. இந்தா, உன் பழைய மதிப்பெண், இவ்வளவுதான் உன் தகுதி என்று அந்த அறிக்கைகளையே எடுத்துக் காட்டினார்கள்.

நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. பார்வைக்கு நடுநிலையான ஓர் அளவுகோல், பழைய அநீதியின் மீது வைக்கப்படும்போது அந்த அநீதியையே திரும்ப அளந்து காட்டும் என்று விளக்கியது. ஆண்களோடு ஒப்பிடும் முறையை நீக்கியது. மதிப்பெண் என்பது ஒருவரின் உழைப்பை மட்டும் பதிவு செய்வதில்லை. அவருடைய உழைப்பு எங்கே போகும் என்று அவரும் அவருடைய மேலதிகாரியும் நம்பியதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தத் தீர்ப்பை நான் முத்தம்மா தீர்ப்புக்கு மேலே வைப்பேன்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஏணி இருந்த இடத்தில் அதில் ஏற விடப்படாதவர்கள். ஏணியே வைக்கப்படாத வேலைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி ஊழியர்களை அரசு 'கௌரவப் பணியாளர்' என்றது. தருவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, கர்ப்பிணிகளைத் தேடிப் போவது என்று நாள் முழுக்க வேலை. உதவியாளர் ஊழியராகலாம், ஊழியர்களில் சிலர் மேற்பார்வையாளராகலாம், அதற்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022இல்தான். இவர்களை எது உழைக்கத் தூண்டுகிறது என்று எந்த நிர்வாகவியல் பேராசிரியரும் ஆராய்ச்சி செய்யட்டும். பெருக்கல் கணக்குப்படி இவர்கள் காலையில் கதவையே திறந்திருக்கக் கூடாது.

நம் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆண்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் காரணம் கேட்டால் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இடமாற்றம். வங்கியில் எழுத்தராக இருக்கும்வரை அக்கம்பக்கத்துக் கிளைகளில் காலம் தள்ளலாம். அதிகாரியானால் வட மாநிலத்துக்கும் போடுவார்கள். மகள் பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு முட்டிவலி, கணவருக்கு மாற்றல் கிடைக்காது. பதவியோடு ஊர்மாற்றத்தைச் சேர்த்துக் கட்டியது யார்? வீட்டில் இன்னொருவர் மூட்டை கட்டித் தருவார் என்று நம்பிய காலத்து ஆண்கள் கட்டியது. பாபனெக் சொன்ன அந்த இரண்டாவது ஆள் பெண் அதிகாரிக்கு வாய்ப்பதில்லை. அவள்தான் வேறொருவருக்கு இரண்டாவது ஆளாகவும் இருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த தாள் கோப்பில் 'சொந்த விருப்பம்' என்று பதிவாகிறது. முத்தம்மாவிடம் அரசு கேட்டு வாங்கிய தாளுக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, இப்போது யாரும் கேட்க வேண்டியதில்லை.

திருமணத்துக்காகப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கைச் சொல்ல வேண்டும். ராணுவச் செவிலியர் பணியில் இருந்த ஒரு பெண் அதிகாரி ஒரு ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். 1977ஆம் ஆண்டு ராணுவ ஆணை ஒன்றைக் காட்டி 1988இல் அவரைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். அந்த ஆணை 1995இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் மட்டும் வெளியிலேயே இருந்தார். தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய் 2024 பிப்ரவரியில் வென்றார். அவரை நீக்கியது அப்பட்டமான பால் பாகுபாடு என்று சொல்லி, எட்டு வாரங்களுக்குள் 60 லட்சம் ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மீண்டும் பணியில் சேர்க்கும் வயதையெல்லாம் அவர் கடந்திருந்தார். அந்தப் பணியில் படிப்படியாக மேஜர் ஜெனரல் வரை போகலாம். வழக்கின் தலைப்பில் அவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள் லெப்டினன்ட்' என்று இருக்கிறது.